பொருள்: கட்டுரை எழுதுதல் – சார்பு

தமிழ்நாட்டில் ஒரு பிள்ளை தன் பெயரைப் போட்டு எழுதும் முதல் உரைநடை பெரும்பாலும் விடுப்பு விண்ணப்பம்தான். அனுப்புநர், பெறுநர், மதிப்பிற்குரிய ஐயா, எனக்குக் கடும் காய்ச்சலாக இருப்பதால் இன்று ஒருநாள் மட்டும் விடுப்பு அளிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன், இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவன். இதை எழுதும் நேரத்தில் அந்த மாணவன் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு தாய்மாமன் கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்பான். அவனுடைய அப்பா பக்கத்தில் நின்று, 'கடும்' என்ற சொல்லைச் சேர்க்கச் சொல்லிக்கொண்டிருப்பார். வெறும் காய்ச்சல் என்றால் ஆசிரியர் நம்ப மாட்டாராம்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். "அப்பா, கல்யாணத்துக்குப் போறேன்னே எழுதினா என்ன?" என்று மகன் கேட்டான். "அது நல்லா இருக்காதுடா" என்றேன். "ஏன், மாமா கல்யாணம் நல்லா இருக்காதா?" என்றான். இந்த மாதிரிக் கேள்விகளுக்கெல்லாம் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தால் பஸ் போய்விடும். 'கடும்' இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எழுதவே வரவில்லை என்று எல்லாரும் புலம்புகிறார்கள். கைபேசிதான் காரணம் என்கிறார்கள். கைபேசிக்கு வேறு எத்தனையோ பாவங்கள் உண்டு, இதை அதன் தலையில் கட்ட வேண்டாம். அது வருவதற்கு வெகுகாலம் முன்பே, ஒரு உண்மைகூடக் கலக்காமல் மூன்று பக்கம் எழுதும் கலையில் நாங்கள் தேர்ந்திருந்தோம். என் வகுப்பில் 'நான் கண்ட பொருட்காட்சி' எழுதியவர்களில் பாதிப் பேர் பொருட்காட்சியைக் கண்டதில்லை. 'என் பேனாவின் தன்வரலாறு' எழுதச் சொன்னபோது என்னிடம் பேனா கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுடைய பேனாவின் சுயசரிதையை, அந்தப் பேனாவையே கடன் வாங்கி எழுதினேன்.

இப்படி வளர்ந்த எனக்கு, வீட்டில் எழுத்து இலாகா தானாகவே வந்து சேர்ந்தது. எழுத்து சம்பந்தமான எந்த விஷயமும் அப்பாவைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும் என்று ஓர் ஏற்பாடு. ஏற்பாட்டைச் செய்தவனும் நான்தான். என் தகுதிகளைச் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் கடித வரைவுகள் என் மேசையிலிருந்துதான் புறப்படும். ஒரு வார இதழில் என்னுடைய வாசகர் கடிதம் வந்திருக்கிறது. அதில் என் பெயரைவிட எங்கள் ஊரின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. சிறுவயதில் ஒரு சிறுவர் இதழுக்குக் கதை அனுப்பினேன். திருப்பி அனுப்பத் தபால்தலை வைக்கவில்லை, ஆகவே அது திரும்பி வரவில்லை. இன்றுவரை பரிசீலனையில் இருப்பதாகவே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

என் மனைவி எழுதுவதெல்லாம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும். 'மாவு இன்னிக்கே காலி பண்ணணும். நாளைக்குப் புளிச்சிடும்.' இதைக் கொஞ்சம் மெருகேற்றித் தர நான் பலமுறை முன்வந்திருக்கிறேன்.

மகள் பத்தாம் வகுப்பு. அந்த வகுப்பின் பொதுத்தேர்வில் முன்பெல்லாம் தமிழுக்கு இரண்டு தாள். 2019-20 கல்வியாண்டிலிருந்து ஒரே தாள், 100 மதிப்பெண். அதில் கட்டுரைக்கு 8. 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்று ஒரு கேள்வி, அதற்கு 5. ஒரு படம் கொடுப்பார்கள். மரக்கன்று நடும் சிறுமி, நூலகத்தில் படிக்கும் பையன், ஏர் பிடித்த உழவர், இப்படி ஏதாவது. பார்த்துவிட்டு மனதில் பட்டதை எழுத வேண்டும். யோசித்துப் பார்த்தால் அருமையான கேள்வி. ஆனால் என் மகள் முந்தின நாள் இரவே அதன் விடையை உருப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"படமே இன்னும் வரலையேம்மா?"

"எந்தப் படம் வந்தாலும் இதுதாம்ப்பா."

வாங்கிப் பார்த்தேன். காட்சி கண்ணைக் கவர்கிறதாம், மனதைத் தொடுகிறதாம், சிந்தையைத் தூண்டுகிறதாம், உலகம் உயர வழி சொல்கிறதாம். மரமும் இல்லை, பையனும் இல்லை, உழவரும் இல்லை. யானைப் படம் கொடுத்தாலும் பொருந்தும், சாக்கடை அடைப்பு எடுக்கும் படம் கொடுத்தாலும் பொருந்தும். எனக்கு அது நிஜமாகவே பிடித்திருந்தது. அலுவலகத்துப் பிரிவுபசார விழாக்களில் நான் வாசித்தளிக்கும் வாழ்த்துமடலும் ஏறக்குறைய இதே கட்டுமானம்தான். ஓய்வு பெறுபவரின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்வேன்.

நயம் பாராட்டுவதில் அவள் இன்னும் ஒரு படி மேலே. மோனை, எதுகை, இயைபு, முரண், அணி, சந்தம் என்று தலைப்புகள் தயாராக இருக்கும். எந்தக் கவிதை வந்தாலும் அதில் பிய்த்துப் போட்டால் போதும். கவிதையைப் படிக்கக்கூட வேண்டாம் என்றாள். நான் நம்பவில்லை. கையில் கிடைத்த மளிகைச் சீட்டைக் கொடுத்து, இதற்குப் பாராட்டு பார்க்கலாம் என்றேன். பேனாவை மூடிவிட்டு நின்றபடியே சொன்னாள். மஞ்சள், மல்லி – மோனை. பருப்பு, கருப்பட்டி – எதுகை. கடலைப்பருப்பு, பாசிப்பருப்பு, உளுத்தம்பருப்பு என்று ஈற்றில் ஒன்றி வந்தது இயைபு. உப்பும் சர்க்கரையும் அடுத்தடுத்து நின்றதால் முரண். மையக்கருத்து: கவிஞர் எளிய சொற்களால் இல்லறத்தின் தேவைகளைப் படம்பிடித்துக் காட்டுகிறார்.

கவிஞர் அடுப்படியிலிருந்து, "பெருங்காயம் விட்டுப்போச்சு, சேத்துக்கோங்க" என்றாள்.

மகளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. கேள்வித்தாளே முன்னுரையில் தொடங்கி முடிவுரை வரைக்கும் குறிப்புகளைக் கொடுத்துவிடுகிறது. இடையில் நிரப்ப வேண்டியதைக் கடையில் விற்கிறார்கள். விடைத்தாள் திருத்துகிற ஆசிரியருக்கு முன்னால் கட்டுக்கட்டாகத் தாள்கள். கோடை வெயில் வேறு. எங்கள் வீட்டுச் செய்தி எதையும் தெரிந்துகொள்ள அவருக்கு ஆசை இருக்க நியாயமில்லை. உட்தலைப்புகள் கறுப்பு மையில் பளிச்சென்று இருக்கின்றனவா, மேற்கோள் ஒன்றாவது வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த தாளைப் புரட்டுவார். படிக்க யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு, எவள்தான் நிஜத்தை எழுதுவாள்?

நான் திருச்சிக்காரன். தெப்பக்குளத்துப் பக்கம் பழனியப்பா பிரதர்ஸ் இருக்கும் ஊர், கோனார் தமிழ் உரை புறப்பட்ட ஊர். ஆகவே உரைநூலைப் பழித்துப் பேசினால் எனக்கு இங்கே தண்ணீர் கிடைக்காது. பேசவும் மாட்டேன். ஐயன்பெருமாள் கோனார் பதவுரையும் பொழிப்புரையும் கொடுத்து எத்தனையோ தலைமுறைகளைச் செய்யுள் பகுதியில் கரையேற்றியிருக்கிறார். பழைய செய்யுளுக்கு உரை வேண்டியதுதான். 'எங்கள் வீட்டுத் தோட்டம்' என்ற தலைப்புக்கு எதற்கு உரை?

எங்கள் வீட்டில் தோட்டம் இல்லை என்பது வேறு விஷயம். அடுக்ககத்தில் இரண்டாவது மாடி. பால்கனியில் ஒரு கற்றாழைத் தொட்டி இருக்கிறது. அதற்கு நாங்கள் தண்ணீர் ஊற்றுவதில்லை, மேல்வீட்டு ஏ.சி.யிலிருந்து சொட்டுவதைக் குடித்து அது பாட்டுக்கு வளர்கிறது. மேல்வீட்டுக்காரர்கள் வெளியூர் போனால் வாடும், வந்தால் தளிர்க்கும். அவர்கள் எப்போது வந்தார்கள் என்பதை நாங்கள் கற்றாழையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். இதையெல்லாம் எழுதலாம் என்று அந்தச் சமயத்தில் எனக்குத் தோன்றவில்லை. "மா, பலா, வாழைன்னு போட்டுக்கோம்மா" என்றேன்.

கடிதக் கேள்விக்கு வருகிறேன். மாநில அளவிலான கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு பெற்ற தோழியை வாழ்த்தி மடல் எழுத வேண்டும். இல்லாத தோழி, நடக்காத போட்டியில், எழுதாத கட்டுரைக்கு வாங்காத பரிசைப் பாராட்ட வேண்டும். பாராட்டிவிட்டு, கீழே ஒரு கட்டம் வரைந்து உறைமேல் முகவரி எழுத வேண்டும். என் மகள் இந்தக் கட்டத்தை அடிக்கோல் வைத்து அழகாக வரைவாள். பிறந்ததிலிருந்து தபாலில் ஒரு கடிதம்கூடப் போட்டதில்லை.

என் அம்மா ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். நான் வெளியூரில் வேலை பார்த்த காலத்தில் அவளிடமிருந்து அஞ்சலட்டை வரும். அட்டையில் இடம் கொஞ்சம், எழுத்து பெரிசு, ஆகவே தேவையில்லாத சொல் உள்ளே வர வழியில்லை. 'கொய்யா காய்த்திருக்கிறது. அணில் தின்றது போக மிச்சம் உனக்கு. பொங்கலுக்கு வராவிட்டால் அதுவும் அணிலுக்கு.' இன்னொன்று: 'உன் பெரியப்பா வந்து மூன்று நாள் தங்கினார். நாங்கள் பிழைத்துக்கொண்டோம்.' 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்து, துதிக்கை வைத்த பழைய ணை, லை, ளை, னை எழுத்துகளையெல்லாம் மாற்றியது. அம்மா அதற்கு வெகுமுன்பே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டதால் அவளுக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. இன்றும் துதிக்கை போட்டுத்தான் 'இல்லை' எழுதுவாள். பேரன் அதற்கு யானை லை என்று பெயர் வைத்திருக்கிறான்.

அந்தப் பேரன் நாலாம் வகுப்பு. அவனுக்கு 'நான் சென்ற சுற்றுலா' என்று வீட்டுப்பாடம் வந்தது. பென்சிலால் எழுதிக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினான்.

'ஞாயிற்றுக்கிழமை முக்கொம்பு போனோம். அப்பா தனக்குக் குறுக்கு வழி தெரியும் என்றார். குறுக்கு வழி ஒரு மாட்டுத் தொழுவத்தில் முடிந்தது. அங்கே ஒரு தாத்தா இருந்தார். வாரா வாரம் யாராவது இப்படி வருவார்கள் என்று சொன்னார். அம்மா எலுமிச்சை சாதத்தை இங்கேயே சாப்பிடலாம் என்றாள். அப்பா வேண்டாம் என்றார். முக்கொம்பில் அதைக் குரங்கு சாப்பிட்டது.'

"இதுல சுற்றுலாவே இல்லையேடா" என்றேன். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற இடமாயிற்றே, அது எங்கே? 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை எங்கே? 2018 ஆகஸ்டில் வெள்ளத்தில் கொள்ளிடப் பக்கத்து மதகுகள் ஒன்பது அடித்துக்கொண்டு போனதே, அது எங்கே? ஒன்றும் இல்லை, குரங்கு மட்டும் இருக்கிறது. பென்சிலை வாங்கி நானே உட்கார்ந்தேன். 'இயற்கை எழில் கொஞ்சும் எழில்மிகு முக்கொம்பிற்கு நானும் எனது அன்புப் பெற்றோரும் இன்பச் சுற்றுலா மேற்கொண்டோம்.' குடும்பத்தின் மானம் கருதித் தொழுவத்தை நீக்கினேன். எலுமிச்சை சாதம் அறுசுவை உணவாயிற்று. குரங்கை விட மனமில்லாமல் 'வனவிலங்குகளையும் கண்டு களித்தோம்' என்று ஓர் ஓரத்தில் உட்கார வைத்தேன்.

அடுத்து வந்த பெற்றோர் கூட்டத்தில் தமிழ் டீச்சர் நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் பாராட்டுக்குத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இந்தத் தடவை முக்கொம்புக்கு அஞ்சு அப்பா போயிருக்கீங்க சார். அஞ்சு பேருக்குமே எழில் கொஞ்சியிருக்கு."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"நல்லா எழுதுறீங்க. கமா மட்டும் கொஞ்சம் பாத்துக்கங்க."

பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். மகன் பென்சிலில் எழுதிய மூலப்பிரதி அங்கே அப்படியே இருந்தது. அதைத்தான் வகுப்பில் வாசிக்கச் சொன்னாராம். குரங்கு வந்த இடத்தில் வகுப்பே சிரித்ததாம். முதல் வரிசைப் பெண் ஒருத்தி மட்டும் சிரிக்காமல், "அப்ப நீங்க என்னதான் சாப்பிட்டீங்க?" என்று கேட்டாளாம். ஆமாம், அதை எழுதவில்லையே என்று அவனே உட்கார்ந்து மூன்று வரி சேர்த்திருக்கிறான். 'அப்பா பஜ்ஜி வாங்கித் தந்தார். கடைக்காரரிடம் பேரம் பேசினார். அம்மா அப்போதும் பேசவில்லை.' சந்திப் பிழையைக்கூட டீச்சர் சிவப்பில் வட்டமிடவில்லை. பக்கத்தில் பென்சிலால் சரியாக ஒருமுறை எழுதியிருந்தார், அவ்வளவுதான். வகுப்பின் மூலையில் ஒரு செருப்புக்கடை அட்டைப்பெட்டி இருந்தது, மேலே துளை போட்டு. தபால் பெட்டியாம். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிப் போடுவார்களாம், வெள்ளிக்கிழமை பட்டுவாடா. பதில் வர வேண்டும் என்பதற்காகவே புரியும்படி எழுதுகிறார்கள் என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே கவலை. பஜ்ஜிக் கடைப் பேரம் இப்போது நாற்பது வீடுகளுக்குத் தெரியும்.

விட்டிருக்கலாம். விடவில்லை. டீச்சர் நடைமுறை ஆள், எனக்கு மரபு தெரியும் என்று காட்ட வேண்டியிருந்தது. நன்னூலை எடுத்தேன். ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் 10, இருக்க வேண்டிய அழகுகள் 10, கையாளும் உத்திகள் 32 என்று பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டிலேயே பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டார். சொல்ல வேண்டியதைவிடக் குறைத்துச் சொன்னால் குன்றக் கூறல், கூட்டிச் சொன்னால் மிகைபடக் கூறல், சொன்னதையே சொன்னால் கூறியது கூறல், எடுத்த விஷயத்தை விட்டு வேறெங்கோ போனால் மற்றொன்று விரித்தல். எழுத்தைப் பற்றி இத்தனை சுருக்கமாகவும் கறாராகவும் பேசிய வேறொரு பட்டியலை நான் பார்த்ததில்லை. இரண்டு பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பத்தையும் விளக்கினேன். பத்தாம் வகுப்புக்காரி குறித்துக்கொண்டாள். அங்கேதான் வினை.

நான் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் துணைச் செயலாளர். அந்த வாரம்தான் தண்ணீர் மோட்டார் நேரம் பற்றி ஒரு சுற்றறிக்கை தயாரித்திருந்தேன். 'நமது குடியிருப்பின் மேன்மைமிகு உறுப்பினர்களின் மேலான கவனத்திற்கு' என்று தொடங்கி, நீரின் பெருமை, மழைநீர் சேகரிப்பு, கரிகாலன் கட்டிய கல்லணை, நமது முன்னோரின் தொலைநோக்கு என்று ஒரு பக்கத்துக்கு வந்திருந்தது. மகள் அதைக் கையில் எடுத்தாள். 'மேன்மைமிகு', 'மேலான' இரண்டும் மிகைபடக் கூறல். நீர் இன்றியமையாதது என்று நான்கு இடத்தில் வருவது கூறியது கூறல். கல்லணை, மற்றொன்று விரித்தல். முழுக்கப் படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவாங்கன்னு சொல்லவே இல்லையேப்பா? இது குன்றக் கூறல்."

ஒரே பக்கத்தில் மிகைபடக் கூறலும் குன்றக் கூறலும் கைகோத்து நிற்பதைப் பவணந்தியாரே பார்த்திருக்க மாட்டார். மறுநாள் மின்தூக்கிக்குப் பக்கத்தில் என் மனைவியின் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'மோட்டார் காலை 6 முதல் 6.30 வரை. அதற்குள் பிடித்துக்கொள்ளவும். அப்புறம் கேட்டால் இல்லை.' குடியிருப்பே அதற்குக் கட்டுப்பட்டது.

இப்போது முக்கியமான சம்பவம். வாகனம் நிறுத்துமிடத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடக்கூடாது என்று சங்கம் தடை போட்டுவிட்டது. செயலாளரின் கார்க் கண்ணாடி உடைந்ததுதான் காரணம். மகன் மனு எழுதப் போவதாகச் சொன்னதும் நான் உற்சாகமாகிவிட்டேன். 'பொருள்: வாகன நிறுத்துமிடத்தில் சிறார் விளையாட அனுமதி வேண்டுதல் – சார்பு. பார்வை: தங்களது தடை ஆணை' என்று தலைப்பு வரைக்கும் போட்டுக் கொடுத்தேன். அவன் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு பாட்டியிடம் போய்விட்டான்.

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் வாசிக்க வாசிக்க, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலே குறுக்கே கேட்டாள்.

"பசங்கன்னா யாரு? எத்தனை பேரு? பேரைப் போடு."

எழுதினான்.

"எப்பவாவது கண்ணாடி உடையும்னு எழுதியிருக்கியே, இந்தத் தடவை யாரு உடைச்சது?"

"நான்தான் பாட்டி."

"அதை முதல்ல போடு."

"ஐயோ, எதுக்கு?"

"நீயே சொல்லிட்டா அப்புறம் அவர் என்னத்தைச் சொல்றது?"

எழுதி, அடித்து, திரும்ப எழுதினான். வீட்டுப்பாடத்தில் ஒரு வரியைத் திருத்தச் சொன்னால் அழுகிற பையன், யாரும் சொல்லாமலே தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாள் எடுத்தான். அவனுக்கு மதிப்பெண் தேவைப்படவில்லை, கிரிக்கெட் தேவைப்பட்டது. கடைசியில் போன கடிதம் இது.

'செயலாளர் மாமாவுக்கு, உங்கள் கார்க் கண்ணாடியை உடைத்தது நான். வேண்டும் என்று உடைக்கவில்லை. ஆஃப் சைடில் அடிக்கப் பார்த்தேன், லெக் சைடில் போய்விட்டது. இனிமேல் ரப்பர் பந்தில்தான் ஆடுவோம். சாயங்காலம் 5 முதல் 6 வரை ஆடுகிறோம். உங்கள் கார் வர 6.15 ஆகும் என்று வாட்ச்மேன் தாத்தா சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கார் இங்கேயே இருக்கும், அன்றைக்கு ஆட மாட்டோம். நாங்கள் ஏழு பேர், பெயர் கீழே இருக்கிறது. உங்கள் பேரன் லீவுக்கு வந்தால் அவனையும் சேர்த்துக்கொள்வோம்.'

செயலாளர் அன்று இரவே வீட்டுக்கு வந்தார். வாசல்படியிலேயே நின்று, "நேர் மட்டையில ஆடுடா, அப்பத்தான் ஆஃப் சைடு போகும்" என்றார். தடை நீங்கியது. விருந்தினர் வாகனங்களுக்கு இடம் ஒதுக்குவது பற்றி அதே செயலாளருக்கு நான் கொடுத்த இரண்டு பக்க மனு ஒன்று உண்டு. அதைப் பற்றிக் கேட்டேன். பரிசீலனையில் இருக்கிறதாம்.

வெற்றிக் கடிதத்தில் உங்கள் பங்கு என்ன என்று மனைவி கேட்டாள். தாள் நான் வாங்கிப் போட்டது.

எங்கள் ஊர்க்காரர் என்று நாங்கள் உரிமை கொண்டாடும் ஒருவர் உண்டு, திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவர் செய்யுளை வாயால் சொல்லிக்கொண்டே போவார், மாணவர்கள் ஏட்டில் எழுதிக்கொண்டே வருவார்கள். 1870-களில் அப்படி எழுதிய மாணவர்களில் ஒருவர் உ.வே. சாமிநாதையர். அவர் தம் 85-ஆவது வயதை ஒட்டி ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கினார். 1942-இல் மறையும் வரை எழுதினார். எத்தனை பெரிய புலவர்! ஆனால் அந்தப் புத்தகத்தில் யார் வீட்டில் சாப்பிட்டார், எந்த ஊருக்கு எப்படிப் போனார், கையில் காசு இல்லாதபோது என்ன செய்தார் என்று, திண்ணையில் உட்கார்ந்து நம்மிடம் சொல்வதுபோல இருக்கும். எந்தப் பக்கத்திலும் எழில் வந்து கொஞ்சாது.

மகாவித்துவான் சொல்ல மாணவர்கள் எழுதியதுபோலவே, எழுதப் பழகாத சின்னப் பிள்ளைகள் கதை சொல்ல, பெரியவர்கள் அதை ஒரு சொல் மாற்றாமல் எழுதி, திரும்ப வாசித்துக் காட்டும் முறையைப் பல நாடுகளின் ஆரம்பப் பள்ளிகளில் கையாள்கிறார்கள். தன் பேச்சே எழுத்தாக நிற்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு எழுத்தின் மேல் இருக்கும் பயம் போய்விடும். நானும் இதைச் செய்து பார்த்தேன். மகன் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னான், நான் எழுதினேன். 'ஒரு ஊர்ல ஒரு பல்லி' என்றான். நான் 'முன்னொரு காலத்தில் ஓர் அழகிய சிற்றூரில்' என்று எழுதிக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்துவிட்டான். "நான் சொன்னதை மட்டும் எழுதுப்பா" என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டான். பிள்ளையவர்களுக்கு வாய்த்த மாதிரி மாணவன் என் மகனுக்கு வாய்க்கவில்லை.

ஊரில் நல்லது ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பள்ளிக் கல்வித்துறை 2022-லிருந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்று இதழ்கள் கொண்டுவருகிறது. பிள்ளைகள் எழுதியதும் வரைந்ததும் அவற்றில் அச்சாகின்றன. 'துளிர்' என்ற அறிவியல் இதழ் 1987-லிருந்து விடாமல் வந்துகொண்டிருக்கிறது. படிக்க ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்துவிட்டால் பிள்ளைகள் எழுதிவிடுகிறார்கள். அதைக் கெடுப்பதற்கென்று தேர்வும் வழிகாட்டி நூலும் என்னைப் போன்ற தகப்பன்மாரும் சேர்ந்து உழைக்க வேண்டியிருக்கிறது. உழைக்கிறோம்.

ஆகவே தேர்வுத் துறைக்கு ஒரு வேண்டுகோள். பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளில் அந்த 8 மதிப்பெண்ணுக்கு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'உன் வீட்டில் கடைசியாக நடந்த சண்டையை, அதைப் பார்க்காத ஒருவருக்குப் புரியும்படி எழுதுக.' குறிப்புகள் தர வேண்டாம். எந்தப் பதிப்பகத்தாலும் இதற்கு வழிகாட்டி நூல் போட முடியாது, மா பலா வாழை உள்ளே நுழைய முடியாது, திருத்துகிற ஆசிரியரும் கடைசி வரி வரை படிப்பார். ஒரே ஒரு சலுகை மட்டும் கேட்கிறேன். என் மகள் இந்த ஆண்டு எழுதி முடித்துவிடட்டும், அடுத்த ஆண்டிலிருந்து அமலுக்குக் கொண்டுவாருங்கள். மகனுக்குப் பொதுத்தேர்வு வர இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது. அதற்குள் நான் கொஞ்சம் திருந்திக்கொள்கிறேன்.